சிவகுருவின் அரை மணித்தியாலம்

சௌந்தரநாயகியின் வாயைப் பற்றிக் கரம்பொனில் ஒருவரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். பாசமான வாய்தான். பூட்டுத்தான் இல்லை. இருபத்தைந்து வருசம் லண்டன் குளிருக்குள் இருந்தும் அது மூடப் பழகவில்லை. தம்பி பாலசிங்கத்தின் ஒரே மகள் துர்க்காவுக்குக் கலியாணம் என்றதும் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்திறங்கினாள். வந்த நாள் தொடக்கம் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்பாமல் கதை, கதை, ஓயாத கதை. தாயில்லாத துர்க்காவுக்கும் பெரியமாமியின் கதைகளில் நல்ல விருப்பம். பலகாரச்சூட்டன்று காலையில் அந்த மணிக்கூட்டுக் கதையை எடுக்கும்வரை.

கலியாணத்துக்குச் சில நாள் முன்னம், சாத்திரியார் குறித்துத் தந்த நல்ல நேரத்துக்குள், பெண்கள் கூடி முதல் பலகாரத்தை எண்ணெயில் போடவேண்டும். அதுதான் பலகாரச்சூடு. நேரம் தப்பினால் கலியாணத்துக்கே ஆகாது என்பார்கள். அன்றைக்குப் பத்து மணிக்குள் போட்டாக வேண்டும். மாப்பிள்ளையின் ஊரான சுருவிலிலிருந்தும் ஆட்கள் வரப்போகிறார்கள். அதனால் விடிந்ததிலிருந்து வீட்டில் எல்லோருடைய கண்ணும் சுவரில்தான் இருந்தது.

விறாந்தைச் சுவரில், குசினி வாசலுக்கு நேரே தொங்கிய மணிக்கூடு துர்க்காவின் பூட்டன் தெற்கே காலிப் பட்டணத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது. அவருக்குப் பிறகு மகன் சிவகுரு, சிவகுருவுக்குப் பிறகு பாலசிங்கம். இனி வீட்டோடும் வளவோடும் சேர்த்துத் துர்க்காவுக்குச் சீதனம். அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது. கிழமைக்கொரு தரம் வீட்டுத் தலைவன் திறப்பால் முறுக்குவான். முந்தினால் பிந்தினால் பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகைத் திருகலாம். முள்ளில் மட்டும் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

"உன்ர அப்பப்பா சிவகுரு இருக்கிறாரே," என்று தொடங்கினாள் சௌந்தரநாயகி. துர்க்கா முன்னால் இருந்து, பலகாரம் பொரிக்கும் தாச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சரியான பிடிவாதக்காரன் பிள்ளை. அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது தெரியுமெல்லே? நீ பிறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி. ஊர் முழுக்கப் புது நேரம். இந்த வீட்டில மட்டும் பழைய நேரம்! 'அவங்கள் சொன்னாப்போல சூரியன் முந்தி எழும்புமோ? நான் கோயிலுக்குப் போறது சூரியனைப் பாத்து' எண்டுவார். முள்ளில ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை. நான் பஸ்ஸை விட்ட நாளுகள் எத்தினை! பத்து வருசத்தால அரசாங்கம் திரும்பப் பழைய நேரத்துக்கே வந்திட்டுது. அண்டைக்கு எங்கட அப்பு ரெலிபோனில சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்குள்ள கேக்குது."

நாடே திரும்பி வந்து மணிக்கூட்டோடு சேர்ந்துகொண்டது. அதனால் ஒருவருக்கும் பிறகு அது ஞாபகத்தில் இல்லை.

துர்க்காவின் கை தாச்சியில் நின்றுவிட்டது.

"அப்ப, நான் பிறந்த அண்டைக்கு?"

"அண்டைக்கென்ன? அடைமழை. ஆஸ்பத்திரிக்கு வாகனம் இல்லை. மருத்துவிச்சி மேரிஜோசப்பின்தான் குடையும் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவ. உன்ர அப்பா இந்த விறாந்தையில நிண்டு மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு நிண்டவன். நீ கத்தின உடன நேரத்தைச் சுண்ணாம்பால சுவரில எழுதினவன்."

துர்க்கா தாச்சியை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அவளுக்குத் தன் சாதகம் கரைத்துக் குடித்த பாடம். ஏழில் செவ்வாய். பத்து வருசமாக ஒவ்வொரு பேச்சுக்காலும் அந்த ஏழாம் வீட்டில்தான் முறிந்தது. "நல்ல பிள்ளை, உத்தியோகமும் இருக்கு, ஆனா செவ்வாய்க்காரி." செவ்வாய்க் குற்றம் உள்ளவரை இல்லாதவர் கட்டினால், இல்லாதவர் உயிருக்கு ஆகாதாம். மூன்று தரம் பெண்பார்க்க வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். நாலாம் தரம் துர்க்கா தேத்தண்ணி போட மாட்டேன் என்றுவிட்டாள். கால்நடை அலுவலகத்தில் வேலை. ஸ்கூட்டியில் ஏறித் தீவெல்லாம் திரிந்து மாடுகளுக்கு ஊசி போட்டாள். சுருவிலில் ஒரு பசுவுக்கு ஊசி போடப் போன இடத்தில்தான் கஜரூபன் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த மாடு உதைத்த உதையில் இரண்டு பேரும் வேலியில் போய் விழுந்தார்கள். அப்படித் தொடங்கியது.

அவனுக்கும் செவ்வாய் என்று தெரிந்த அன்று துர்க்கா சந்தோசத்தில் அழுதாள். செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்ந்தால் குற்றம் கழிந்துபோகும். கஜரூபனின் தாய் இராசமணி, சாதகம் பார்க்காமல் பிள்ளைக்குச் சட்டை கூட வாங்காத மனிசி, அந்த ஒரு பொருத்தத்துக்காகவே தலையாட்டினாள்.

இப்போது துர்க்கா போனை எடுத்துச் சாதகம் கணிக்கும் செயலியைத் திறந்தாள். விசயம் விளங்கிவிட்டது. அந்தப் பத்து வருசத்துக்குள் பிறந்த எந்தப் பிள்ளையின் நேரம் வந்தாலும் சாத்திரிமார் புது நேரம் என்று எடுத்து அரை மணித்தியாலம் கழித்துவிட்டுத்தான் கணக்குத் தொடங்குவார்கள். அப்பா நேரத்தை மட்டும் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். பழைய நேரமா புது நேரமா என்று சொல்லியனுப்பவில்லை. புளியங்கூடல் சாத்திரியார் கழிக்கக் கூடாத அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டார். துர்க்கா அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பிப் போட்டாள். லக்கினம் அடுத்த வீட்டுக்குப் போனது. செவ்வாய் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியது. ஆறில் செவ்வாய்க்குக் குற்றம் இல்லை.

அவள் செவ்வாய்க்காரியே இல்லை! பத்து வருசம் அழுததெல்லாம் சும்மா. சிரிப்பதா, தலையிலடித்துக் கத்துவதா? இரண்டுக்கும் நேரமில்லை. அவளுக்குச் செவ்வாய் இல்லையென்றால் கஜரூபனோடு பொருத்தமும் இல்லை.

அவனுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னாள்.

"ஐயோ துர்க்கா, அம்மாட்ட மூச்சுக் காட்டிப் போடாதையும்," என்றான் கஜரூபன். "அவ இப்பதான் ஓட்டோவில வெளிக்கிட்டவ."

"அவவுக்குத் தெரியாமப் பாக்கிறன்."

"அம்மாவை விடும். உம்மட அப்பா? செவ்வாய் இல்லாத பிள்ளையை அறிஞ்சுகொண்டு எனக்குத் தருவாரே? உயிர் எல்லே?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. ஆபத்து என்றால் அவளுக்குத்தான் ஆபத்து. பாலசிங்கம் பல்லி சொன்னால் பயணத்தை நிறுத்துகிற மனிசன். "நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டாள்.

"எனக்கு உம்மைத்தான் தெரியும். செவ்வாயைத் தெரியாது," என்றான் அவன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பெரியமாமியிடம் போய், காலடியில் இருந்து, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டால் அந்த வாய் பகலுக்குள் நாலு தரம் அதே கதையைச் சொல்லும். சௌந்தரநாயகி கேட்டாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நெஞ்சில் கையை வைத்தாள்.

"அட கடவுளே! நான் இதை இராசமணிக்குச் சொல்ல எண்டு வைச்சிருந்தனான்."

"பெரியமாமி, உங்களைக் கும்பிட்டன். இண்டைக்கு ஒருநாள் மட்டும் மணிக்கூட்டைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

"சீச்சீ, நான் ஏன் கதைக்கிறன்? வாயில கற்கண்டைப் போட்டுக்கொண்டு இருக்கிறன், பார்." சொன்னபடியே ஒரு பெரிய கற்கண்டை எடுத்துக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள்.

துர்க்கா எழும்பித் திரும்பினாள். வாசலில் பாலசிங்கம் வாழையிலைக் கட்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. இலையைக் கீழே வைத்துவிட்டு மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். துர்க்கா அவருக்குப் பின்னால் போகவில்லை. கேட்டிருப்பாரோ? கேட்டிருந்தால் இந்நேரம் கத்தியிருப்பாரே. ஆனால் அப்பா கத்துகிற ஆளும் இல்லை. அதுதான் பயம்.

ஒன்பதரை ஆன கையோடு இராசமணி வந்துவிட்டாள். கூட இரண்டு சொந்தக்காரப் பெண்கள். குசினிக்குள் நிறைகுடம் வைத்து, பிள்ளையார் பிடித்து வைத்து, அடுப்பில் தாச்சி ஏறியிருந்தது. பயற்றம் உருண்டைகள் வரிசையாக இருந்தன. இராசமணி குசினி வாசற்படியைத் தாண்டவில்லை. கைம்பெண். நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்க மாட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் "நான் இதில நிண்டு பாக்கிறன், நீங்கள் செய்யுங்கோ," என்றாள். பாலசிங்கமும் வந்து விறாந்தையோரம் நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கற்கண்டு கரைந்துகொண்டிருந்தது. துர்க்கா ஒரு கண்ணை எண்ணெயிலும் ஒரு கண்ணைப் பெரியமாமியிலும் வைத்திருந்தாள். முதல் பலகாரத்தைச் சௌந்தரநாயகிதான் போடவேண்டும். லண்டனில் புருசன் கல்லுப்போல இருக்கிறார். அவளும் உருண்டையை மாவில் தோய்த்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தால் எல்லாம் சரி.

இராசமணி கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "உங்கட மணிக்கூடு பிந்துது போல கிடக்கக்கா. பழைய சாமான்தானே, நம்பேலாது."

நம்பேலாதாம்! அதை அந்த வீட்டில், அதுவும் சிவகுருவின் மூத்த மகளிடம் சொல்லலாமா? துர்க்கா காலை நீட்டி மிதிக்க முதல் பெரியமாமியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்ன கதைக்கிறியள்! எங்கட மணிக்கூடு பிந்துறதோ? நாடே புது நேரம் எண்டு பிழை நேரம் ஓடேக்க இதொண்டுதான் பத்து வருசமும் பழைய நேரத்தில சரியாய் ஓடினது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. உருண்டை கையிலிருந்து மாவுச் சட்டிக்குள் விழுந்தது.

சாதகத்தோடேயே வாழ்ந்த இராசமணிக்குக் கணக்குப் பார்க்கப் போன் தேவையில்லை. அவள் கண் மணிக்கூட்டிலிருந்து துர்க்காவுக்கும், துர்க்காவிலிருந்து பாலசிங்கத்துக்கும் போனது.

"அண்ணை, துர்க்கா அந்தக் காலத்துப் பிள்ளைதானே? பிறந்த நேரம் எந்த மணிக்கூட்டில பாத்தது?"

துர்க்கா தகப்பனைப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

"என்ர கை மணிக்கூட்டில," என்றார் பாலசிங்கம். "புது நேரம்."

துர்க்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்த மனிசன் சங்கக்கடையில் ஒரு ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்தவர். அவர் எல்லாவற்றையும் கேட்டுத்தான் இருக்கிறார். கேட்டுவிட்டுப் பொய் சொல்கிறார். அவளுக்காகச் சொல்கிறார்.

"உன்ர கையில எப்ப மணிக்கூடு இருந்தது தம்பி?" என்றாள் சௌந்தரநாயகி. "நான் லண்டனால அனுப்பினதுதானே முதல்..." அதற்குள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாழாய்ப்போன வாய்!

இராசமணி வாசற்படியில் நிமிர்ந்து நின்றாள். "அண்ணை, உங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையாரைத் தொட்டு ஒருக்காச் சொல்லுங்கோ. பேந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

மணிக்கூடு பத்து அடித்து ஓய்ந்தது. எண்ணெய் புகைந்தது, அதை இறக்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாலசிங்கம் குசினிக்குள் வந்தார். பிள்ளையாருக்கு முன்னால் குந்தினார். கையை நீட்டினார். பொய்ச்சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்று துர்க்காவுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். இவர் இதைச் செய்துவிட்டு இனி ஒரு இரவு நித்திரை கொள்வாரா?

அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அப்பா! அன்ரி, அவர் சொன்னது பொய். இந்த மணிக்கூட்டிலதான் பாத்தது. பழைய நேரம். எனக்குச் செவ்வாய் இல்லை. எனக்கே இண்டைக்குக் காலமைதான் தெரியும்."

கூட வந்த பெண்களில் ஒருத்தி "ஐயையோ" என்றாள். துர்க்காவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"உங்கட சாத்திரப்படியே வருவம் அன்ரி. செவ்வாய் இல்லாதவள் நான். செத்தா நான்தானே சாவன்? உங்கட மகனுக்கு ஒண்டும் இல்லையே. அப்ப பயப்பட வேண்டியது ஆர்? நானெல்லே? நான் பயப்படேல்லை."

"உனக்கென்ன தெரியும்!" இராசமணியின் குரல் கிழிந்தது. 'நீர்' என்று மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்த மனிசி அது. "எனக்குச் செவ்வாய். அவருக்கு இல்லை. என்ர அப்பா அதை மறைச்சுத்தான் கட்டி வைச்சவர். கஜன் வயித்தில இருக்கேக்க அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூண்டாம் நாள் ஆள் இல்லை. அதுக்குப் பிறகு நான் ரோட்டால போனாச் சனம் என்ன சொன்னது தெரியுமே? புருசனைத் திண்டவள். நாளைக்கு உனக்கொரு தலையிடி வந்தாலும் என்ர பிள்ளையை அப்பிடிச் சொல்லுவினம். முப்பது வருசம் அந்தச் சொல்லோட இருந்தவள் நான். என்ர பிள்ளைக்கும் அது வேணுமோ?"

அவள் வாசற்படியிலேயே இருந்துவிட்டாள். வெள்ளைச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். இதுவரை அந்தத் தீவில் அவள் அழுததை ஒருவரும் கண்டதில்லை.

துர்க்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"நான் மாட்டுக்கு ஊசி போடுறவள். காய்ச்சல் எதால வருதெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக. "அந்த மனிசனுக்கு அண்டைக்கு மருந்து கிடைக்கேல்லை. அவ்வளவுதான். நீங்கள் திண்ணேல்லை. இதை உங்களுக்கு இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

இராசமணி தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"எனக்கொண்டு வந்தாலும் சனம் கதைக்கும்தான். அண்டைக்கு உங்களுக்காக ஒருத்தரும் முன்னுக்கு நிக்கேல்லை. உங்கட மகனுக்கு முன்னால நிக்க நீங்கள் இருக்கிறியள். அது காணாதோ?"

பாலசிங்கம் பிள்ளையாருக்கு முன்னால் குந்தியபடியே இருந்தார். "எனக்கும் பயம்தான் தங்கச்சி," என்றார் இராசமணியைப் பார்த்து. "ஆனா இல்லாத செவ்வாயைச் சொல்லிப் பத்து வருசம் இந்தப் பிள்ளையை அழவைச்சிட்டம். இனியும் அழவைக்க எனக்கு ஏலாது."

அப்போதுதான் கூட வந்தவர்களில் ஒருத்தி சுவரைக் காட்டினாள். "நேரம் போட்டுது! பத்து தாண்டிட்டுது! ஒண்டும் போடேல்லை!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய முள் பன்னிரண்டைக் கடந்து நின்றது. நல்ல நேரம் முடிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் இப்படியா? இராசமணி ஒரு சொல் சொன்னால் போதும். சகுனம் சரியில்லை என்று எழும்பிப் போய்விடலாம். ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இராசமணி கண்ணைத் துடைத்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். அது வஞ்சகமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணை," என்றாள். "முள்ளைப் பின்னுக்குத் தள்ளுங்கோ."

பாலசிங்கத்துக்கு விளங்கவில்லை. "எவ்வளவு?"

"உங்கட அப்பா வைச்சிருந்த அளவு. அரை மணித்தியாலம். நல்ல நேரம் இன்னும் கிடக்கு."

"முள்ளிலயோ?" என்று தொடங்கிய சௌந்தரநாயகி நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். பாலசிங்கம் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினார். கண்ணாடிக் கதவைத் திறந்தார். சிவகுரு தொடவிடாத முள், மூன்று தலைமுறை தொடாத முள். அவர் விரலை வைத்து ஒரு கணம் நின்றார். பிறகு பின்பக்கமாகத் தள்ளினார். உள்ளே ஏதோ கறகறத்தது. முள் ஒன்பதரையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது.

துர்க்கா புகைந்த எண்ணெயை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் விட்டாள். சூடேறியதும் உருண்டையை மாவில் தோய்த்து இராசமணியிடம் நீட்டினாள்.

"நானோ? நான் போடக் கூடாது."

"நீங்கள்தான் போடவேணும், மாமி."

அன்ரி என்று கூப்பிட்டவள் அன்றைக்குத்தான் முதன்முதல் மாமி என்றாள். இராசமணி வாசற்படியைப் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். உருண்டை எண்ணெயில் விழுந்து பொரிந்து மேலே வந்தது. பாலசிங்கம் சாமி அறைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

இரண்டாம் பலகாரக் கடகமும் பாதி நிரம்பிவிட்டது. அப்போது பெரிய முள் இரண்டாம் தரமும் பன்னிரண்டுக்கு வந்தது. மணிக்கூடு அடிக்கத் தொடங்கியது. முள்ளைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த மாதிரி மணிக்கூடுகள் அடிக்கிற கணக்கைக் குழப்பிக்கொள்ளும். ஏற்கெனவே பத்து அடித்து முடித்த அது, தன் பாட்டில் அடுத்த எண்ணிக்கையை அடித்தது. சௌந்தரநாயகி சின்ன வயதுப் பழக்கத்தில் விரல் மடித்து எண்ணிக்கொண்டு இருந்தாள். விரல்கள் முடிந்த பிறகும் ஒரு அடி மிச்சமாக விழுந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

குசினியில் எல்லாக் கைகளும் அப்படியே நின்றன.

"எத்தினை அடிச்சதக்கா?" என்று கேட்டாள் இராசமணி.

சௌந்தரநாயகி துர்க்காவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"பத்து," என்றாள்.